சொகுசு பாவமா?



நம் ஜில்லாவுக்குக் கடல் கிடையாது. வானம் பார்த்த கரிசல் பூமி; கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அதுவே நமக்குப் பெரிய நீர்க்காட்சி. அதனால்தானோ என்னவோ, கடல் என்றால் நம் ஜனங்களுக்கு அப்படி ஓர் ஆசை. வேளாங்கண்ணிக்குப் போனாலும் உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போனாலும், மெழுகுதிரி ஏற்றிய கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் இறங்காமல் திரும்புகிறவர் யார்? அது நல்ல ஆசை. அதைப்பற்றி இங்கே பேச்சில்லை.

பேச்சு வேறொன்றைப் பற்றி. கடலோரத்தில் மாளிகை மாதிரி ஓட்டல்கள் இருக்கின்றன. ஓர் இரவுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாடகை. ஒரு பட்டாசுத் தொழிலாளியின் பல நாள் கூலி ஒரே இரவில் தீர்ந்துபோகும். முன்பெல்லாம் வெள்ளைக்காரரும் பெரிய முதலாளிகளும் தங்கிய இடம் அது. இப்பொழுது நம் பக்கத்துப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள். பெற்றோரை அங்கே அழைத்துப் போகிறார்கள். இப்படித் தங்குவது பாவமா, இல்லையா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களில் சிலர், தாங்கள் போகவில்லை என்பதால், நான் பாவம் என்றே சொல்லிவிடவேண்டும் என்ற ஆவலோடு கேட்கிறார்கள்! அவர்களை ஏமாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் ஓய்வைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அர்ச். அருளப்பரைக் குறித்து ஆதித் துறவிகள் சொல்லிவந்த ஒரு கதையை அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் தம் பெரிய நூலில் எடுத்துக்காட்டுகிறார். அருளப்பர் தம் சீடர்களோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். அப்போஸ்தலர் இப்படிச் செய்யலாமா என்று அவர்களுக்குக் குறை. அவர்களில் ஒருவன் கையில் வில் இருந்தது. அருளப்பர் அவனை ஓர் அம்பு எய்யச் சொன்னார். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. 'இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருப்பாயா?' என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அப்படித்தான் என்று அவர் விளக்கினாராம். உடல் களைப்பது போல ஆத்துமமும் களைக்கிறது, அதற்கும் இளைப்பாற்றி வேண்டும் என்று அக்குயினாஸ் இதிலிருந்து வாதிக்கிறார். அதற்கு மேலும் ஒரு படி போகிறார்: தானும் சந்தோஷப்படாமல், பிறர் சந்தோஷத்தையும் கெடுத்துக்கொண்டு, எப்பொழுதும் கடுகடுவென்றிருப்பது ஒரு குற்றம் என்கிறார்.

இதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்கவேண்டும். குட்டி ஜப்பான் என்று பேரெடுத்த பூமி நம்முடையது. 'முப்பது வருஷத்தில் ஒரு நாள் லீவு போட்டதில்லை' என்று நம்மில் பலர் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் அந்த முப்பது வருஷத்தில் வீட்டிலிருந்தவளுக்கு எத்தனை லீவு கிடைத்தது என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. தொழிலாளிக்கு ஓய்வு முதலாளி போடும் பிச்சை அல்ல, அது அவனுக்குரிய நீதி என்பதைத் திருச்சபை 1891-ம் ஆண்டிலேயே, 13-ம் சிங்கராயர் பாப்பரசரின் சுற்றுமடலில் எடுத்துரைத்தது. ஆகையால் களைத்த உடம்பு ஒரு நல்ல மெத்தையில் இரண்டு நாள் கிடப்பதில் பாவத்தைத் தேடவேண்டாம்.

அப்படியானால் மனசாட்சி ஏன் உறுத்துகிறது? அது காரணமில்லாமல் உறுத்துவதில்லை. அந்த ஓட்டல் பில்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கடலுக்கு எவ்வளவு? ஒன்றுமில்லை. காற்றுக்கு? ஒன்றுமில்லை. மெத்தையும் வெந்நீரும் குளிர்சாதனமும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலுள்ள லாட்ஜிலும் கிடைக்கின்றன. சாப்பாடு ருசியாக இருக்கும்; ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்துக்கும் நீச்சல் குளத்துக்கும் செலவு உண்டு. பணிவிடை செய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுக்கத்தான் வேண்டும். இவ்வளவையும் தாராளமாகக் கூட்டினாலும் பில் தொகை எட்டுவதில்லை. பாக்கிப் பணம் எதற்கு? கூட்டம் இல்லாமல் இருப்பதற்கு. செப்டம்பர் 8-ம் தேதி மாதா திருநாளன்று வேளாங்கண்ணியில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குளிக்கிற வங்கக் கடல்தான் ஓட்டலுக்கு முன்னாலும் இருக்கிறது. அதே உப்பு, அதே அலை. அந்த ஜனங்கள் மட்டும் அங்கே இல்லை. அதற்குத்தான் பெரிய விலை.

இதிலும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆயுள் முழுவதும் மிஷின் சத்தத்தில் நின்றவனுக்கு அமைதி என்பது மருந்து; அதற்குக் காசு கொடுத்தால் தப்பில்லை. நம் ஆண்டவரும் கூட்டத்தை விட்டு ஒதுங்கிப்போய் இளைப்பாறத் தம் சீடர்களை அழைத்திருக்கிறார். அமைதியைத் தேடுவது ஒன்று, பிற மனிதர் கண்ணில் படாமலிருப்பதைத் தேடுவது வேறொன்று. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரே அறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவன் முன்னதைத் தேடி வந்திருப்பான், மற்றவன் பின்னதைத் தேடி வந்திருப்பான். ஓட்டல்காரருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை.

சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் போகிற வழியில் கோவளம் என்ற மீனவ ஊர் இருக்கிறது. (கேரளத்துக் கோவளமும் கன்னியாகுமரிக் கோவளமும் வேறு.) அங்கே பழைய கோட்டையின் இடிபாடுகள் கிடந்த இடத்தில் தாஜ் கம்பெனியார் 1974-ல் ஒரு கடற்கரை ஓட்டலைத் திறந்தார்கள். 'பிஷர்மேன்ஸ் கோவ்' என்று பெயர். மீனவனின் குடா என்று அர்த்தம். பலகையில் மீனவன் பெயரை வைத்துக்கொண்டு வாசலில் காவலாளியை நிறுத்துவது இந்த ஓட்டல் மட்டும் செய்கிற காரியமல்ல. உலகத்துக் கடற்கரைகள் எங்கும் அப்படித்தான்.

அந்தக் கோட்டைக்கு ஒரு கதை உண்டு. 18-ம் நூற்றாண்டில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் அதைக் கட்டினார். 1750-ல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அங்கே நங்கூரம் போட்டு ஆபத்து அடையாளம் காட்டியது. விசாரிக்கப் போனவர்களிடம், ஆட்களில் பெரும்பாலோர் நோயில் செத்துவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களையாவது கரையில் இறக்கிக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சினார்களாம். கோட்டைத் தலைவன் சம்மதித்தான். எலும்பும் தோலுமான சிலர் உள்ளே கொண்டுவரப்பட்டார்கள். துணிக்குள் ஆயுதம் ஒளித்திருந்தார்கள். இரவில் எழுந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1752-ல், ராபர்ட் கிளைவ் அதைக் கைப்பற்றி வெடிவைத்துத் தகர்த்தார். விருந்தோம்பலுக்குத் துரோகம் நடந்த இடத்தில் இன்று விருந்தோம்பல் விலைக்குக் கிடைக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு உபசரிப்பதைக் குறை சொல்லவில்லை. வந்தவன் கத்தியோடு வந்தானா என்ற கவலை அதில் இல்லையே!

மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவிலும் இன்று கடலைப் பார்த்தபடி எத்தனையோ பெரிய ஓட்டல்கள். அங்கேதான் அர்ச். சின்னப்பர் கப்பல் உடைந்து கரையேறினார். அவரோடு சேர்த்து 276 பேர். மழை, குளிர். முன்பின் தெரியாத அத்தீவார் நெருப்பு மூட்டி அத்தனை பேரையும் குளிர்காயச் செய்தார்கள். தீவின் தலைவர் அவர்களைத் தம் இடத்துக்கு அழைத்து மூன்று நாள் உபசரித்தார். பில் கொடுக்க அவர்களிடம் காசும் இல்லை; அவர்களில் விலங்கிட்ட கைதிகளும் இருந்தார்கள். சுவிசேஷகரான லூக்காஸ் தம் அப்போஸ்தலர் நடபடியில் அந்தத் தயவை மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அதே மத்தியதரைக் கடற்கரையில் பிரான்சு தேசத்து நீஸ் நகரம் இருக்கிறது. குளிர்காலத்தைக் கழிக்க ஐரோப்பியப் பணக்காரர்கள் போய்த் தங்கும் ஊராக அது 18-ம் நூற்றாண்டிலேயே பேர் பெற்றது. 1820-ஐ ஒட்டி அங்கே பனி கடுமையாகப் பெய்து பிழைப்புக் கெட்டுப்போக, பிச்சைக்காரர் பெருகினார்கள். லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பணம் திரட்டி, அந்த ஏழைகளுக்குக் கூலி கொடுத்துக் கடலோரமாக ஒரு நடைபாதை போடச் செய்தார். இன்று உலகமெல்லாம் அறிந்த 'ஆங்கிலேயர் உலாவீதி' அதுதான். பசித்தவர்களுக்கு வேலை கிடைத்தது. விருந்தாளிகளுக்கு உலாவ இடம் கிடைத்தது. பாதை எல்லாருக்கும் பொதுவானது. அதே வீதியில் 1913-ல் நெக்ரெஸ்கோ என்ற ஆடம்பர ஓட்டல் எழும்பியது. மறுவருஷம் உலக யுத்தம் வந்ததும் அது காயம்பட்ட சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டது. மெத்தையும் சுவரும் அதேதான். யாரை உள்ளே விடுகிறோம் என்பதுதான் மாறியது.

கடற்கரை மணல் யாருடையது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. பிரான்சில் 1986-ம் வருஷத்துச் சட்டம், கடற்கரையில் நடந்துபோகப் பொதுஜனங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. நம் நாட்டில் 1991 பிப்ரவரி 19-ம் தேதி மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வைத்தது; 2019-ல் வந்த புதிய அறிவிக்கை பல இடங்களில் அதைத் தளர்த்தியது. கோவாவில் வைங்கினிம் கடற்கரைக்குப் போகும் பாதையைப் பற்றி ஒரு பெரிய ஓட்டலுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வழக்கு நடந்தது. 2009 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜனங்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இயற்கையின் இப்படிப்பட்ட சொத்துக்களை அரசு பொதுமக்களுக்காகத் தர்மகர்த்தா போல வைத்திருக்கிறது என்றது. அதே வருஷம் அந்த மாநில அரசு சட்டத்தைத் திருத்தி ஓட்டலைக் காப்பாற்றிக்கொண்டது. 2015-ல் பிரான்சிஸ் பாப்பரசர் தம் சுற்றுமடலில், அழகான இடங்கள் தனியார் கைக்குப் போய் ஜனங்கள் அங்கே நுழைய முடியாமல் போவதை ஒரு குறையாகவே எடுத்துச் சொன்னார். இவையெல்லாம் அரசும் நீதிமன்றமும் பார்க்கவேண்டிய காரியங்கள். இரண்டு இரவு தங்கப் போகிற ஒருவன் தலையில் முழுவதையும் ஏற்றிவைக்க முடியாது.

அவன் தலையில் ஏறுவது எது என்பதற்கு ஒரு குடும்பத்தின் காரியத்தை, பேர் ஊர் சொல்லாமல், அவர்கள் சம்மதத்தோடு சொல்கிறேன்.

அவர் 36 வருஷம் அச்சகத்தில் மிஷின் பார்த்தவர். காலண்டர் சீசனில் இரவு பகல் தெரியாமல் நின்றவர். எத்தனையோ தேசத்துக் கடற்கரைப் படங்களை லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளியவர். ஒன்றிலும் போய்த் தங்கியவர் இல்லை. அவர் மனைவி வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். அவர்களின் 40-ம் கலியாண நாளுக்குக் கோவளத்தில் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு இரவுக்கு ஏற்பாடு செய்திருக்கிறான் மகன். அம்மாவுக்குப் போக ஆசை. அப்பா மாட்டேன் என்கிறார். அவருடைய தம்பி பட்டாசு ஆலை விபத்தில் வெந்தவர். விரல்கள் ஒட்டிப்போய், வேலைக்குப் போக முடியாமல் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேரை வாரிக்கொடுத்த பூமி இது. இப்படி ஒரு திண்ணை இல்லாத தெரு நம் பக்கம் குறைவு. 'அவன் அங்கே கெடக்க, நான் மெத்தையில புரளவா சாமி? அந்தக் காசு பாவக்காசு இல்லையா?' என்று கேட்டார்.

கேட்டது சின்னக் கேள்வி அல்ல. பெத்தானியாவில் மரியம்மாள் ஆண்டவருடைய பாதங்களில் விலையுயர்ந்த பரிமளத் தைலத்தைப் பூசியபோது, இதை 300 பணத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று ஒருவன் சொன்னான். யார் சொன்னது என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் அந்தத் தைலத்தை மறுக்கவில்லை. ஒருவன் தனக்கென்று வாங்கிக்கொள்ளும் ஆடம்பரம் வேறு, அன்பினால் மற்றொருவருக்குச் செய்யும் தாராளம் வேறு. மகன் செய்ய நினைத்தது இரண்டாவது வகை. அப்பா மறுத்துவிட்டால் அந்தப் பணம் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேருமா? சேராது, மகன் வேறு ஏதாவது வாங்கி வந்து கொடுப்பான். தம்பிக்குப் பலன் ஒன்றும் இராது. அண்ணனுக்கு மட்டும் தியாகம் செய்துவிட்ட திருப்தி இருக்கும்.

ஆனால் இந்த நியாயத்தை வைத்துத் தம்பியைக் கைகழுவவும் கூடாது. ஏழைக்குரியது ஏழைக்கு முதலில் சேரவேண்டும், மிஞ்சியதில்தான் தைலம். ஆகையால் தம்பிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மாதந்தோறும் அரிசியும் மருந்துச் செலவும் பார்த்துக்கொள்கிறாராம். ஆலைக்காரரிடமிருந்து வரவேண்டிய நஷ்ட ஈட்டுக்காக இவரே அலைந்திருக்கிறார். அப்படியானால் அந்தப் பற்று தீர்ந்துகொண்டுதான் வருகிறது. ஓட்டல் காசினால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பேச்சு முடிகிற சமயத்தில் அவர் மனைவி ஒரு வார்த்தை சொன்னார். போவதென்றால் தம்பி வீட்டாரிடம், பேரனைப் பார்க்கச் சென்னைக்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது அப்பாவின் யோசனையாம். உறுத்தல் எங்கே இருக்கிறது என்று அப்பொழுதுதான் எனக்குப் பிடிபட்டது. வேலி கோவளத்தில் இல்லை. இவருடைய வீட்டுக்கும் அடுத்த வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் புதிதாகக் கட்டப்படுகிறது. தம்பிக்கு இதுவரை ஒன்றையும் மறைத்திராத மனிதர், முதல் தடவையாக மறைக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் தவித்துக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். 'போயிட்டு வாண்ணே' என்று தம்பி சிரித்துக்கொண்டே சொல்லலாம். அவர் முகம் வாடவும் கூடும். வாடினால் அந்த வாட்டத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி உட்கார்ந்தபின் போக மனம் வந்தால் போகலாம். வராவிட்டால், அதே பணத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து உவரியில் நான்கு நாள் தங்கிவரலாம். இரண்டில் எது சரி என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை. தம்பியைக் கேட்காமல் நானும் அவரும் அறைக்குள் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவது மட்டும் சரியில்லை.

இதற்கு நேர்மாறான கூட்டமும் ஒன்று உண்டு. அவர்கள் ஒன்றையும் மறைப்பதில்லை. காலையில் நீச்சல் குளம், மத்தியானம் இறால், சாயங்காலம் ஊஞ்சல் என்று நிமிஷத்துக்கொரு படமெடுத்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்புகிறார்கள். பார்க்கிறவர்கள் வயிறெரியவேண்டும் என்பதும் அந்த வாடகையில் சேர்ந்திருக்கிறது போலும்! அவர்களுக்கு ஓய்வு கிடைத்ததா என்பதே சந்தேகம்.

போகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். அங்கே அறையைத் துடைத்து விரிப்பு மாற்றுகிறவர் ஒரே நாளில் பத்து அறைக்கு மேல் பார்க்கவேண்டியிருக்கும். நம் ஜில்லாப் பிள்ளைகள் எத்தனையோ பேர் கேட்டரிங் படித்துவிட்டு இப்படிப்பட்ட ஓட்டல்களிலும் கப்பல்களிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் இங்கே நமக்கெல்லாம் லீவு. அவர்களுக்கு அன்றுதான் வேலை அதிகம். நம் பங்கிலேயே, பாதிராப் பூசையில் மகன் இல்லாமல் தனியாக நிற்கிற தாய்மார் இருக்கிறார்கள். காலைக் காப்பி கொண்டுவருகிற பையனிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். சாத்தூர் என்றோ ஸ்ரீவில்லிபுத்தூர் என்றோ சொல்லக்கூடும். கடலுக்குப் பக்கத்திலேயே வேலைபார்த்தும் அலையில் காலை நனைக்க அவனுக்கு நேரம் கிடைக்கிறதா என்றும் கேட்கலாம். பெரிய டிப்ஸைவிட அந்த விசாரிப்பை அவன் வீட்டுக்குப் போன் செய்து சொல்லுவான்.

கோவளத்துக்குப் போகிறவர்கள் ஓட்டல் வாசலுக்கு வெளியேயும் கொஞ்சம் நடந்து பார்க்கவேண்டும். விடிகாலையில் படகுகள் கரைக்கு வரும்; மீன் ஏலம் நடக்கும். ஹசரத் தமீம் அன்சாரி தர்காவுக்கு வந்த முஸ்லிம் குடும்பங்கள் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்ப் பையன்கள் பலகையை வைத்துக்கொண்டு அலைமேல் சறுக்கி விளையாடுவார்கள். கார்மேல் மாதா கோயிலும் அங்கேதான் இருக்கிறது. ஜான் டி மோந்தி என்ற போர்த்துக்கீசிய வியாபாரி 1808-ல் கட்டியது. பெரும் பணக்காரரான அவர் தம் சொத்தில் பெரும்பகுதியைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் எழுதி வைத்துப் போனவர். ஓட்டலிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருக்க நேர்ந்தால், அந்த ஊர் மீனவக் குடும்பங்களோடு சேர்ந்து பூசை காணலாம்.